தேவானையிடம் கேட்டால் போச்சு

பிளஸ் டூ முடித்த பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் எங்கள் அடி அண்ணாமலையில் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. பால் வாங்க வருகிறவர் நர்ஸிங் என்பார். டீ குடிக்க வருகிறவர் போலீஸ் என்பார். உயரம் பத்தாதுங்க என்றால், "அதெல்லாம் ட்ரெயினிங்ல வளந்துடுவம்மா" என்று தேற்றுவார். பக்கத்தில் அகத்திக்கீரை விற்கும் பாஞ்சாலை அக்கா மட்டும், "பேசாம கீரை யாவாரத்துக்கு வந்துடு எழிலு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆபீசு, மீதி நாளு லீவு" என்பாள். நான் கேட்ட யோசனைகளிலேயே கொஞ்சமாவது புத்தியோடு இருந்தது அதுதான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கால்நடை மருத்துவம். "மாட்டு டாக்டரா?" என்று மூக்கைச் சுளிக்கிறவர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் வீட்டு மாட்டுக்கு ஒருநாள் கழிச்சல் கண்டால் அவர்களாகவே வருவார்கள். ஆனால் கலந்தாய்வின் முதல் சுற்றில் என் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் மேலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். இனி இரண்டாம் சுற்றுதான். கால்நடை மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் யாருக்காவது எம்.பி.பி.எஸ். கிடைத்து ஓடினால் ஓர் இடம் காலியாகும். முகம் தெரியாத யாரோ ஒருத்திக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டும் என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டவள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதற்கு நடுவில் பி.காம். வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அன்பரசன் மாமா, என் அம்மாவின் தம்பி. டவுனில் ஒரு லாட்ஜில் மேனேஜர். தானும் பி.காம்., தன் பெண்டாட்டியும் பி.காம்., உலகத்தில் மிச்சமிருப்பவர்களும் பி.காம். ஆகிவிட்டால் நல்லது என்று நினைக்கிறவர். தனக்குத் தெரிந்த ஒரு காலேஜில் எனக்கு இடம் பேசிவிட்டார். திங்கட்கிழமை கடைசி நாள். போகும்போது டி.சி.யை ஒரிஜினலாகக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காலேஜ்காரர்கள் டி.சி.யை வாங்கத் தெரிந்தவர்கள், திருப்பிக் கொடுக்கத் தெரியாதவர்கள் என்று ஊரே சொன்னது. டி.சி. அங்கே போய்விட்டால், இரண்டாம் சுற்றில் இடம் வந்தாலும் நான் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். கொடுக்காமல் விட்டு, இரண்டாம் சுற்றிலும் இடம் வராவிட்டால், அதுவும் இல்லை இதுவும் இல்லை. ஒரு வருஷம் முழுக்க, "இன்னா எழிலு, அடுத்து இன்னா?"

வீட்டில் கட்சி பிரிந்தது. அம்மா ஜோதியம்மாள் டாக்டர் கட்சி. கிரிவலம் வருகிறவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுக்கும்போதே, "எம்பொண்ணு மாட்டு டாக்டருங்க" என்று பட்டமே கொடுத்துவிடுவாள். அப்பா பரசுராமன் பி.காம். கட்சி. "கைல இருக்கறத உட்டுட்டு பறக்கறதப் புடிக்கப் போவாதம்மா" என்பார், அதைச் சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மாமா எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம் சண்டை முற்றிப்போய், "பூ போட்டுப் பாத்துடலாம்" என்றாள் அம்மா. எங்கள் பக்கம் முடிவு எடுக்க முடியாத விஷயத்துக்கு இது ஒரு வழி. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் சாமி வாக்கு.

"நாளைக்கு ஆடிப் பௌர்ணமி அக்கா," என்றார் மாமா. "கோயிலுக்குள்ள கால் வெக்க முடியுமா? க்யூவுல நின்னு சாமியப் பாக்கறதுக்குள்ள காலேஜு அட்மிஷனே முடிஞ்சிடும்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். என் அம்மா யோசித்தால் வீட்டில் யாருக்காவது வேலை வைக்காமல் விடமாட்டாள்.

"ஏன்டா, முப்பத்து முக்கோடி தேவரும் மாட்டுக்குள்ளதான் இருக்காங்க. அத்தினி பேரும் நம்ம கொட்டாய்லயே கட்டிக் கெடக்க, நாம இன்னாத்துக்கு க்யூவுல நிக்கணும்? தேவானைகிட்ட கேட்டா போச்சு!"

தேவானை எங்கள் பசு. செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையோரம் எங்கள் டீக்கடைக்கு அருகில் கட்டிவிடுவோம். சுற்ற வருகிறவர்கள் பாஞ்சாலை அக்காவிடம் கீரைக்கட்டு வாங்கி ஊட்டிவிட்டுப் போவார்கள். தேவானை மகா கெட்டிக்காரி. வயிறு நிறைந்ததும் கீரையை முகர்ந்து, ஒரு நக்கு நக்கி, புண்ணியத்தைக் கொடுத்து ஆளை அனுப்பிவிடும். அந்தக் கட்டு மறுபடி பாஞ்சாலை அக்காவின் கூடைக்கே போகும். இப்படியே காலம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"முப்பத்து முக்கோடி பேரு சேந்து ஒரு முடிவுக்கு வர முடியுமாம்மா? இங்க நாலு பேராலயே முடியல" என்றேன். யார் காதிலும் விழவில்லை. அதற்குள் விதிமுறை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மாட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கீரைக்கட்டு. வலது பக்கம் டாக்டர், இடது பக்கம் பி.காம். "வலதுன்னா யாருக்கு வலது? மாட்டுக்கா, பாக்கற நமக்கா?" என்று மாமா கேட்டார். அதற்கே அரைமணி நேரம் போனது. முடிவில் மாட்டுக்கு வலது என்று தீர்ப்பானது. அடுத்தது, நக்கினால் ஓட்டா, தின்றால்தான் ஓட்டா? "நக்கினா செல்லாது. முழுங்கணும்" என்றார் மாமா. பௌர்ணமியில் தேவானை முழுங்காதே என்று அம்மா கவலைப்பட்டாள். அதற்கும் அவரிடமே வழி இருந்தது. வெல்லத் தண்ணீரைக் கீரைமேல் தெளிப்பது. படித்த மனுஷன் இல்லையா.

சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். அன்று ராத்திரி படுத்தபோது எனக்கும் சீக்கிரம் தூக்கம் வரவில்லை. இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும், "தேவானை, வலது பக்கம் திரும்புடி" என்று சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன். நப்பாசை யாரை விட்டது?

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பாதை நிறைந்துவிட்டது. ஆந்திராக்காரர்கள், சென்னைக்காரர்கள், வேலூர்க்காரர்கள், செருப்பில்லாத கால்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அம்மா தேவானையைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டிருந்தாள். ஒரு சூடமும் ஏற்றினாள். வலது பக்கம் அவள் ஒரு கட்டோடு நின்றாள். இடது பக்கம் மாமா ஒரு கட்டோடு நின்றார். அப்பா டீ பாய்லருக்குப் பின்னால் நின்று, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி டம்ளர் கழுவினார். நான் முன்னால் நின்றேன்.

தேவானை வலது பக்கம் பார்த்தது. அம்மா, "அண்ணாமலையாரே!" என்றாள். இடது பக்கம் பார்த்தது. மாமா, "வா வா வா" என்றார். மறுபடி வலது, மறுபடி இடது. பிறகு தலையை நீட்டி, நடுவில் நின்றிருந்த பாஞ்சாலை அக்காவின் கூடையில் வாயை விட்டு, ஒரு முழுக்கட்டை இழுத்துத் தின்றது.

"ஐயய்யோ, என் யாவாரம்!" என்று அலறினாள் பாஞ்சாலை அக்கா.

"நடுவுல போச்சுன்னா இன்னாடா அர்த்தம்?" என்று கேட்டாள் அம்மா.

"நடுவுலன்னா பி.எட்.," என்றார் மாமா யோசிக்காமல்.

செல்லாது என்று சொல்லி மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை தேவானை வலது கட்டைத் தின்றது. நான் கையைத் தட்டுவதற்குள் இடது கட்டையும் தின்றது. "ரெண்டும் படிக்கச் சொல்லுது" என்றாள் பாஞ்சாலை அக்கா. மூன்றாவது தடவை இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்து, மாமாவின் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையையும் சேர்த்து மென்றது. கைக்குட்டையை மட்டும் எப்படியோ பிடுங்கிவிட்டோம்.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். ஆனால் சூடம், மாலை, இரண்டு பக்கம் இரண்டு பேர் என்று பார்த்த ஒரு சென்னை அம்மா நின்று, "இங்க என்னங்க விசேஷம்?" என்று கேட்டாள். என் அம்மாவுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. கேட்டு முடித்த அந்த அம்மா பயபக்தியோடு இரண்டு கட்டுக் கீரை வாங்கி, "வில்லிவாக்கத்துல ஃப்ளாட்டா, திருநின்றவூர்ல மனையா?" என்று தேவானையின் காதில் கேட்டாள். தேவானை இடது பக்கம் தின்றது. அந்த அம்மா கண்ணில் நீரோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நிமிஷம் வரிசை கட்டிவிட்டார்கள். "மா அப்பாயிக்கி அமெரிக்காவா, கனடாவா?" என்று மகனுக்காக ஒரு தெலுங்குக் குடும்பம். "மேல் அதிகாரியோட சண்ட போடலாமா, வேணாமா?" என்று ஒருவர், அவர் போலீஸ் மாதிரி இருந்தார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மாமியாரோடு இருப்பதா தனியாகப் போவதா என்று கேட்டது. பின்னாலேயே மாமியார் நின்றிருந்தாள். பாஞ்சாலை அக்கா கொத்துக் கொத்தாகக் கீரையை வெல்லத் தண்ணீரில் முக்கினாள். நான், "போதும்மா, வயிறு தாங்காது, நிறுத்துங்க" என்று கத்தினேன். "சாமி காரியத்துல கத்தாதம்மா" என்று வரிசையில் நின்ற ஒருவர் என்னைத்தான் அடக்கினார். மாட்டை அவிழ்க்கப் போனால், நான் வரிசையில் நடுவில் புகுகிறேன் என்று நினைத்துப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

கடைசியில் தேவானையே நிறுத்தியது. ஒருவர் ஊட்டப்போன கட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. காலை மாற்றி மாற்றி வைத்தது. மூச்சு இரைத்தது. இடது பக்கத்து வயிறு இடுப்பெலும்புக்கு மேலே உப்பிக்கொண்டு நின்றது. தட்டிப் பார்த்தேன். டும் என்றது.

மாமா துள்ளிக் குதித்தார். "பாத்தியா! பாத்தியா! எடது பக்கம் காட்டுது! பி.காம்.!"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே தூக்கிப் பாதையில் போட்டிருப்பேன். "மாமா! எல்லா மாட்டுக்கும் பெரிய வயிறு எடது பக்கம்தான் இருக்கும்! அது பி.காம். இல்ல, காத்து! வயித்துல காத்து அடைச்சிருக்கு! இப்புடியே உட்டா செத்துடும்!"

'செத்துடும்' என்ற சொல்லுக்கு வரிசை மொத்தமும் ஓரடி பின்னால் போனது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமா ஓடிப்போய் ஒரு சோடா பாட்டிலோடு வந்து, "இத ஊத்துனா ஏப்பம் வந்துடும், எனக்கு எப்பவும் வரும்" என்றார். பாட்டிலைப் பிடுங்கி எறிந்தேன்.

அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் அருணாதேவி மேடத்துக்குப் போன் போட்டேன். விடுமுறை நாட்களில் போய் அவர் வேலை செய்வதை வேடிக்கை பார்த்து, கேள்வி கேட்டுத் தொல்லை கொடுத்ததில் அவருக்கு என் குரல் தெரியும். "படுக்க விடாத. முன்னங்கால மேட்டுல நிறுத்து. நான் வரேன்" என்றார். தேவானையின் முன்னங்கால்களைக் கடைப் படியில் ஏற்றினேன். அவர் வேறொரு மாட்டுக்குச் செய்ததைப் பார்த்திருந்ததால், ஒரு வேப்பங்குச்சியை வாயில் குறுக்கே வைத்துக் கொம்போடு கட்டினேன். மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறி, காற்று கொஞ்சமாவது வெளியேறும். அப்பா எப்போது பாய்லரை விட்டு வந்தார் என்று தெரியவில்லை. தேவானையின் பின்பக்கம் தோளால் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். "இன்னும் இன்னாம்மா பண்ணணும், சொல்லு, சொல்லு" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பி.காம். படித்த ஆள் பக்கத்திலேயே நின்றார், அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பௌர்ணமிக்குப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். மேடம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். அதுவும் குறுக்கு வழி என்பதால், மலையைச் சுற்றுகிற மொத்தக் கூட்டத்துக்கும் எதிர்த்திசையில். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. "அம்மா, எதுர்ல சுத்தாதீங்க, பாவம்!" "யாரு பெத்த புள்ளையோ, திரும்புங்கம்மா!" ஒரு சாமியார் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டுவிட்டாராம். அவர் வந்து சேர்ந்தபோது நெற்றியில் நாலு பேர் பூசிய விபூதி இருந்தது, முகத்தில் சாமி மலையேறாத கோபம் இருந்தது.

"தலையப் புடி எழில். நல்லா புடி."

தாடைக்குள் கட்டையை வைத்து, நீளமான ரப்பர்க் குழாயைத் தொண்டைக்குள் இறக்கினார். குழாயின் மறுமுனை என் முகத்துக்கு நேரே இருந்தது. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் புஸ்ஸென்று வந்தது பாருங்கள், காற்று. கூடவே அரைத்த கீரை, அதற்கு முன்னால் தின்றது, அதற்கும் முன்னால் தின்றது எல்லாம் என் முகத்திலும் தலையிலும் கழுத்திலும். "சாமி பேசுது!" என்று கூட்டத்தில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நொடி நாற்றம் அவரைச் சேர்ந்தது. முகத்தை மூடிக்கொண்டு அவர் ஓடிய வேகத்துக்குக் கிரிவலம் சீக்கிரமே முடிந்திருக்கும். வரிசை கலைந்தது. மாமா கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அது தேவானை மென்ற கைக்குட்டை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, ஓரமாகப் போய்க் குனிந்தார்.

நான் தலையை விடவில்லை. என் உள்ளங்கையின் கீழே தேவானையின் மூச்சு இறங்கி, நிதானமாவது தெரிந்தது. வயிறு மெல்ல அமுங்கியது. என் வாயோரம் கீரை ஒட்டியிருந்தது, கண் எரிந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

மேடம் குழாயின் முனையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "இது கீரை வாசன இல்லையே. புளிச்ச வாசன அடிக்குது. கீரை தின்னு பழகுன மாடு இவ்ளோ சீக்கிரம் இப்புடி ஆவாது. காலையிலேர்ந்து வேற இன்னா குடுத்தீங்க?"

மாமா அம்மாவைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"சொன்னாத்தான மருந்து குடுக்க முடியும்? மாடு வந்து சொல்லுமா?"

மாமா தொண்டையைக் கனைத்தார். "விடியக்காலைல வந்து... எடது பக்கமா நின்னு..."

"பக்கத்த யாருங்க கேட்டா? இன்னா குடுத்தீங்க?"

"வாழப்பழம் மேடம். ரெண்டு சீப்பு. எடது பக்கம் வந்தா பழம் கெடைக்கும்னு மாட்டுக்கு ஒரு பழக்கம் வரட்டுமேன்னு."

"அடப்பாவி! கள்ள ஓட்டா?" என்று கத்தினேன். அவர் பி.காம். கட்சி, அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்போது அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள். "நானுங்க... சக்கரப் பொங்கலு. ஒரு குண்டான்."

"ஐயோம்மா! நீயுமா? வலது பக்கமா ஊட்டுன?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "எடது."

எனக்குப் புரியவில்லை. ஊரெல்லாம் என்னை டாக்டர் என்று சொல்லித் திரிகிறவள் இவள். "எடதா? நீ என் பக்கம்தானம்மா?"

"உன் பக்கம்தான்டி!" என்று வெடித்து அழுதாள் அம்மா. "மொதோ சுத்துல உன் பேரு இல்லன்னதும் நீ கோழிக்கூண்டுக்குப் பின்னால குந்திக்கினு, சத்தம் வராம துணிய வாயில வெச்சிக்கினு அழுதியே, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னொரு வாட்டி அத என்னால பாக்க முடியாது. சாமியே பி.காம்.னு சொல்லிட்டா உனக்கும் மனசு ஆறிடுமேன்னு நெனச்சேன்."

நான் அழுதது கோழிகளுக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தேவானையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"வேற யாராவது?" என்றார் மேடம்.

அப்பா இன்னும் தேவானைக்கு முட்டுக் கொடுத்த மேனிக்கே நின்றிருந்தார். வயிறு வடிந்துவிட்டது, முட்டு இனித் தேவையில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "ஊற வெச்ச அரிசி," என்றார் தரையைப் பார்த்து. "கடலப் புண்ணாக்கு, வெல்லம் போட்டுப் பெசஞ்சது. ஒரு அன்னக்கூட."

"அன்னக்கூடயா!" மேடம் தலையில் கை வைத்தார். "அதாங்க வேல செஞ்சிருக்கு."

"நீயும் எடதாப்பா?" என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அப்பா தேவானையின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழை எடுத்துக் கீழே போட்டார்.

"வலது."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். மாமா, "மாமா, நீங்க நம்ம கட்சியாச்சே!" என்றார்.

"வாயில ஆயிரம் சொல்லுவேன் மச்சான்," என்றார் அப்பா எரிச்சலோடு. "கெடைக்காம போயிட்டா புள்ள தாங்காதேன்னு பயத்துல சொல்றதுதான் அது. அதுக்குன்னு மாடுகூட வேணாம்னு சொல்லிட்டா அவ மனசு இன்னாத்துக்கு ஆவும்? அதான், மாட்டயாவது சரிகட்டி வெப்போம்னு பாத்தேன்."

தேவானையை நேர்மையாக நம்பியவள் அந்தக் குடும்பத்திலேயே நான் ஒருத்திதான் என்று அப்போது தெரிந்தது. முகத்தில் கீரை காய்ந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

மேடம் ஆப்பசோடா கரைத்து ஊற்றி, எண்ணெய் கொடுத்து, ஊசி போட்டார். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். ராத்திரிக்கு வைக்கோல் மட்டும், மாட்டிடம் இனி எந்தக் கேள்வியும் கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். "நாளைக்குக் காலைல ஃப்ரெஷ்ஷா சாணி எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கு வா எழில். செரிக்காம அரிசி போவுதான்னு பாக்கணும்." அடுத்து இன்னொரு மாட்டைப் பார்க்க வேண்டும் என்று பையை மாட்டிக்கொண்டு, அதே எதிர்த்திசையில் மேற்கொண்டு நடந்தார். "அம்மா, திரும்புங்க, பாவம்!" என்ற சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டுக்கொண்டே போனது.

திங்கட்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பைக்கைத் துடைத்து, வாசலில் நிறுத்தினார். அது காலேஜுக்குப் போவதற்கான சட்டை. டி.சி. வைத்த பிளாஸ்டிக் கவர் அம்மாவின் கையில் இருந்தது. கொடுக்கவும் மனசில்லாமல், வைக்கவும் மனசில்லாமல் அவள் அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாமா இரண்டு தடவை போன் செய்துவிட்டார், காலேஜில் கூட்டம் ஜாஸ்தியாம், சீக்கிரம் வரவேண்டுமாம்.

நான் கொட்டகையிலிருந்து வந்தேன். கையில் மூடி போட்ட தூக்குவாளி. உள்ளே தேவானை சற்று முன்னால் போட்ட சாணி, சூடாக.

"கவர பீரோவுல வெச்சுடும்மா," என்றேன்.

"எழிலு..."

"வெச்சுடும்மா."

அம்மா உள்ளே போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. பூட்டினாளா என்று தானே இழுத்துப் பார்த்திருப்பாள். நான் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்பா வண்டியைக் கிளப்பவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"கெடைக்கலன்னா?"

"அழுவேன்."

"அப்புறம்?"

"அடுத்த வருசம் மறுபடி போடுவேன். அதுலயும் இல்லன்னா மறுபடி அழுவேன். இனிமே வீட்டுக்குள்ளயே அழுவேன், கோழிக்கூண்டுக்கெல்லாம் போவ மாட்டேன்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு வண்டியைக் கிளப்பி, டவுன் பக்கம் பார்த்து நின்றிருந்த முன்சக்கரத்தை ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் ஒடித்துத் திருப்பினார். அது மாட்டுக்கு வலதா, எங்களுக்கு வலதா என்று நான் பார்க்கவில்லை.

"வாளிய மடியில வெச்சுக் கெட்டியா புடிச்சுக்கோ," என்றார். "சிந்திடப் போவுது."